மாணவர் காங்கிரசும் கிழக்குக் கரையும்
ஒரு மாணவர் இயக்கத்தின் வர்க்க அடிப்படையும் வரலாற்று எல்லையும்

1

மாணவர் இயக்கங்கள் குறித்து நம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று, தலைவர்களின் தியாக வரலாறு. மற்றையது, மாநாட்டுத் தீர்மானங்களின் தொகுப்பு. முன்னது தனிமனிதரின் உளவலிமையையே வரலாற்றின் இயக்கு சக்தியாகக் கொள்கிறது. பின்னது, சொல்லப்பட்டவற்றைச் செய்யப்பட்டனவாகக் கருதி அமைதி காண்கிறது. இவ்விரு வகையினரும் அடிப்படையான வினாவொன்றை எழுப்பத் தவறிவிடுகின்றனர். குறிப்பிட்டதொரு காலகட்டத்தில், குறிப்பிட்டதொரு சமூகத்தில், கற்கும் இளைஞர் தம் சமூகத்துக்கே தலைமை தாங்க முற்படுவதற்கு ஏதுவான பொருளாதார, சமூக நிலைமைகள் யாவை என்பதே அவ்வினா. அந்நிலைமைகள் அத்தலைமையின் எல்லைகளை எவ்வாறு வகுத்தன என்பதும் அதனுள் அடங்கும்.

இவ்வினாவை முன்வைத்து, இலங்கைத் தமிழரிடையே தோன்றிய முதலாவது முனைப்பான மாணவர் அரசியல் அமைப்பாகிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 1924ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய இவ்வமைப்புப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இதன் வரலாறு முற்றிலும் அறியப்படாத ஒன்றன்று. ஆயினும் இதுவரை அது பெரிதும் குடாநாட்டுக்குள் நின்றே நோக்கப்பட்டு வந்துள்ளது. நாம் அதனைக் கிழக்குக் கரையிலிருந்து, குறிப்பாகக் கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, வீரமுனை என்று தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ள நெல்வயற் பிரதேசத்திலிருந்து நோக்க முனைகின்றோம். நிற்குமிடம் மாறும்போது தென்படும் பொருளின் வடிவமும் மாறுவது இயல்பே.

2

முதலில் உலகச் சூழலைச் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். முதலாம் உலகப் போரை அடுத்த பத்தாண்டுகளில் குடியேற்ற நாடுகளிலும் அரைக் குடியேற்ற நாடுகளிலும் மாணவர் அரசியலில் இறங்கியமை தற்செயல் நிகழ்ச்சியன்று. 1918இல் ஆர்ஜென்ரீனாவின் கோர்டோபாவில் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் கிளர்ச்சி தோன்றியது. 1919இல் பீக்கிங் மாணவர் தொடங்கிய மே நான்கு இயக்கம் சீனத்தின் அரசியலையும் இலக்கியத்தையும் ஒருசேர மாற்றியது. 1926இல் லாகூரில் பகத்சிங்கும் தோழர்களும் நவஜவான் பாரத சபையை அமைத்தனர். இவை யாவற்றுக்கும் பொதுவான ஒரு முரண்பாடு உண்டு. தன் நிருவாகத்தை நடத்துவதற்குக் கற்றவரைத் தோற்றுவிக்க வேண்டிய தேவை ஏகாதிபத்தியத்துக்கு இருந்தது. அவ்வாறு தோற்றுவிக்கப்பட்டோர்க்கு அது அளிக்கக்கூடிய இடமோ கீழ்ப்படிந்த ஊழியனின் இடமாகவே இருந்தது. கல்வி தந்த தன்மதிப்புக்கும் உத்தியோகம் தந்த தாழ்நிலைக்கும் இடையிலான இடைவெளியிலேயே மாணவர் அரசியல் முளைகொண்டது எனலாம்.

இம்முரண்பாடு யாழ்ப்பாணத்திற் கூர்மையாகவே வெளிப்பட்டது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரி முதலாக, மிசன்களும் அவற்றுக்குப் போட்டியாகச் சைவர்களும் நிறுவிய ஆங்கிலப் பாடசாலைகள் குடாநாட்டில் அடர்ந்து காணப்பட்டன. நீர்வளமும் நிலவளமும் குறைந்த அப்பிரதேசத்திற் கல்வி என்பது ஏறத்தாழ ஓர் ஏற்றுமதித் தொழிலின் தன்மையைப் பெற்றது. தோட்டத்தையும் புகையிலையையும் நம்பியிருந்த குடும்பம் ஒரு மகனையேனும் கொழும்புக்கோ மலாயாவுக்கோ எழுதுவினைஞனாக அனுப்பக் கனவு கண்டது. இவ்வாறு உருவாகிய ஆங்கிலங் கற்ற மத்தியதர வர்க்கத்தின் மேற்படியில் வழக்கறிஞரும் உயர் உத்தியோகத்தரும் நின்றனர். கீழ்ப்படியில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் நின்றனர். சட்டநிரூபண சபை அரசியல் மேற்படியினரின் கையிலிருந்தது. மாணவர் காங்கிரஸ் கீழ்ப்படியினரின் குரலாய் எழுந்தது.

காங்கிரசின் தோற்றத்துக்கு முதற்காரணராய் விளங்கிய ஹன்டி பேரின்பநாயகம் 1899இற் பிறந்தவர். யாழ்ப்பாணக் கல்லூரியிற் பயின்றவர். காங்கிரஸ் தோன்றியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அவரோடு இணைந்து நின்ற எஸ். நடேசன், ஒறேற்றர் சி. சுப்பிரமணியம் முதலியோரும் பின்னாளிற் கிறித்தவ ஆயராகிய எஸ். குலேந்திரனும் அதே தலைமுறையினர். பெயரளவில் இது மாணவர் அமைப்பெனினும், மேல்வகுப்பு மாணவர், பட்டதாரிகள், இளம் ஆசிரியர் ஆகிய மூவகையினரும் இதிற் கலந்திருந்தனர். ஆசிரியரும் மாணவரும் ஒரே அமைப்பில் நின்றமை இவ்வியக்கத்தின் தனிச் சிறப்பு மட்டுமன்று. அதன் ஆயுளை விளக்கும் காரணமுமாகும். மாணவர் எனப்படுவோர் நான்கைந்து ஆண்டுகளிற் கலைந்து போகும் கூட்டத்தினர். ஆசிரியரோ ஊரோடு தங்கியிருப்பவர். ஆண்டுதோறும் புதிய மாணவர் வந்து சேரும் வகுப்பறையே காங்கிரசின் கிளைச் சங்கமாகவும் அமைந்தது.

3

காங்கிரசின் வேலைத்திட்டத்தை நோக்கும்போது, அரசியல் விடுதலையும் சமூக விடுதலையும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிக்கப்படாது முன்வைக்கப்பட்டமை முதலிற் புலப்படும். 1925இல் ஜே. வி. செல்லையாவின் தலைமையில் நடைபெற்ற முதலாவது ஆண்டு மாநாடு தொட்டு, தேசிய உடை, உள்ளூர் உற்பத்தி, தாய்மொழியின் ஏற்றம், தீண்டாமை ஒழிப்பு என்பன தொடர்ந்து வலியுறுத்தப்பட்டன. ஆங்கிலங் கற்ற இளைஞன் காற்சட்டையைக் களைந்து வேட்டியும் சால்வையும் அணிவது இன்று நமக்குச் சிறு செயலாகத் தோன்றலாம். பாதிரிமாரின் ஆளுகைக்குட்பட்ட கல்லூரியில், உடையே உத்தியோகத் தகுதியின் அடையாளமாயிருந்த காலத்தில், அது சிறு செயலன்று. இயக்கம் பல கல்லூரி முகாமையாளரின் அதிருப்திக்கு உள்ளாகியதில் வியப்பில்லை.

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். அவரை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததும் அங்கு அவரது நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்ததும் மாணவர் காங்கிரசே. சட்டநிரூபண சபையின் பிரமுகரல்லர், முப்பது வயதைத் தாண்டாத இளைஞரே இப்பணியைப் பொறுப்பேற்றனர் என்பது கருதத்தக்கது. இவ்விளைஞர்களது ஆற்றலைக் குடாநாட்டின் முதியோர் உணர்ந்துகொண்ட சந்தர்ப்பமாகவும் அதனைக் கொள்ளலாம்.

இயக்கம் வகுப்புவாதத்தை எதிர்த்தமையும் தனித்து நோக்கப்பட வேண்டும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பிரிவினையின்றி இலங்கையர் என்ற பொதுமையை அது வற்புறுத்தியது. சிங்கள மாணவர் தமிழையும் தமிழ் மாணவர் சிங்களத்தையும் கற்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. கொழும்பு ஆனந்தக் கல்லூரி அதிபர் பி. டி எஸ். குலரத்ன போன்ற சிங்களக் கல்விமான்கள் அதன் மாநாட்டு மேடையில் இடம்பெற்றனர். 1939இல், அப்போது ஓங்கி வந்த வகுப்புவாதப் பிரதிநிதித்துவக் கோரிக்கைக்கு மறுப்பாக எஸ். நடேசன் எழுதிய சிறுநூலை வாலிபர் காங்கிரசே வெளியிட்டது. தம் சமூகத்தின் செல்வாக்கு மிக்க தலைவரைத் தம் சமூகத்தின் நடுவில் நின்றே மறுத்துரைப்பது எக்காலத்தும் எளிதன்று.

4

எனினும் காங்கிரசுக்கு நேர்ந்த முதற்பெருஞ் சோதனை வெள்ளையரிடமிருந்து வந்ததன்று. குடாநாட்டின் சாதியமைப்பிலிருந்தே வந்தது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர்த்தப்பட வேண்டுமென 1929இல் விதிக்கப்பட்டது. அதுவரை தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலோ, வகுப்பறைக்கு வெளியிலோ இருந்து கற்க நேர்ந்த பாடசாலைகள் பல. சம ஆசனத்தை எதிர்த்து உயர்சாதியினர் மனுச் செய்தனர். 1930இல் சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. சம ஆசனம், சம போசனம் என்னும் கோட்பாட்டை ஏற்று நின்ற காங்கிரஸ் இளைஞர், இவ்வெதிர்ப்புக்கு எதிராகப் பிரசாரஞ் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தாமும் உயர்சாதிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை நினைவிற் கொள்ளும்போது, இச்செயலின் நேர்மை தெளிவாகும்.

ஆயின் நேர்மை வேறு. வர்க்க எல்லை வேறு. யாழ்ப்பாணத்துச் சாதியமைப்புப் பந்தியிலும் வாங்கிலும் மட்டும் நிலைபெற்றதன்று. நிலவுடைமை, கூலியுழைப்பு, கிணற்று நீர், கோயில் உரிமை ஆகியவற்றில் அது வேரூன்றியிருந்தது. காங்கிரஸ் சாதியை ஒழுக்கக் கேடாகக் கண்டது. உற்பத்தி உறவாகக் காணவில்லை. எனவே அதன் போராட்டம் வாங்கையும் பந்தியையும் எட்டியது, வயலையும் கிணற்றையும் எட்டவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் 1920களிலேயே தமக்கெனச் சங்கம் அமைக்கத் தொடங்கியிருந்தனர். 1940களிற் சிறுபான்மைத் தமிழர் மகாசபையாகவும், 1966இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமாகவும், அதன்பின் மாவிட்டபுரத்துக் கோயில் நுழைவுப் போராட்டமாகவும் விரிந்த வரலாறு அவர்களுடையது. மாணவர் காங்கிரஸ் அவ்வரலாற்றுக்கு முன்னோடியாக நின்றது. ஆயின் அதன் அமைப்புக்குள் அம்மக்கள் தலைமைப் பாத்திரம் பெற்றாரல்லர். பிறர்க்காகப் பேசுவதற்கும் பிறரோடு அமைப்பாவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

5

இவ்வெல்லையை முழுமையாக வெளிப்படுத்தியது 1931இன் பகிஷ்கரிப்பு ஆகும். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு 1928இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அது பூரண சுயராச்சியத்தை அளிக்கவில்லை. தேசாதிபதியின் அதிகாரங்கள் எஞ்சி நின்றன. மறுபுறம், இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் வாக்குரிமையை அது பரிந்துரைத்தது. வகுப்புவாரித் தொகுதிகளை ஒழித்தது. பிரித்தானிய ஆளுகைக்குட்பட்ட ஆசிய நாடுகளிற் சர்வசன வாக்குரிமை முதன்முதல் நடைமுறைக்கு வந்தது இலங்கையிலேயே.

1931 ஏப்ரலிற் கமலாதேவி சட்டோபாத்தியாயாவின் தலைமையிற் கூடிய வாலிபர் காங்கிரஸ் மாநாடு, சுயராச்சியம் அளிக்காத இவ்வரசியல் திட்டத்தை நிராகரித்துத் தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாளாகிய மே 4ஆம் திகதி யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. போட்டியிட ஆயத்தமாயிருந்த முதிய அரசியல்வாதிகள் இளைஞரின் சொல்லுக்குப் பணிந்து ஒதுங்கினர். இலங்கை வரலாற்றில் இளைஞர் அமைப்பொன்று தேர்தலொன்றை ஒரு பிரதேசத்தில் முற்றாக நிறுத்திய நிகழ்ச்சி இது. இலண்டனிலிருந்த பிலிப் குணவர்த்தனா இதனைப் பாராட்டி எழுதினார். தென்னிலங்கையிற் பாராட்டியோர் உளர், பின்பற்றியோர் இலர்.

விளைவுகளை உணர்ச்சிவயப்படாது நோக்குதல் வேண்டும். முதலாவது அமைச்சர் குழு குடாநாட்டின் பிரதிநிதி எவருமின்றி அமைந்தது. அக்குழுவில் மலையகத் தமிழர் சார்பிற் பெரி. சுந்தரம் இருந்தார், மட்டக்களப்பு மாவட்டத் தொகுதியொன்றிலிருந்து தெரிவான மாக்கான் மாக்கார் இருந்தார். 1934இல் நான்கு தொகுதிகளிலும் இடைத்தேர்தல் நடைபெற்றபோது பருத்தித்துறையிலிருந்து ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்க சபையினுள் நுழைந்தார். 1936இல் முற்றிலும் சிங்களவரைக் கொண்ட அமைச்சர் குழு அமைக்கப்பட்டது. அதன்பின் ஐம்பதுக்கு ஐம்பது என்ற கோரிக்கை தமிழரிடையே பேராதரவு பெற்றது. வகுப்புவாதத்தை எதிர்த்துப் பிறந்த இயக்கம் காலியாக விட்ட ஆசனத்தில் வகுப்புவாதம் வந்து அமர்ந்தது.

இதனைக் கொண்டு பகிஷ்கரிப்பே பிற்காலத் துன்பங்கள் யாவற்றுக்கும் மூலம் என வாதிடுவோர் உளர். அது மிகையான கூற்று. தென்னிலங்கை முதலாளித்துவத் தலைமையின் வகுப்புவாதம் யாழ்ப்பாணத்து இளைஞர் தேர்தலிற் பங்குபற்றாமையாற் பிறந்ததன்று. நாம் சுட்ட விழைவது வேறொரு முரண்பாட்டையே. 1931ஆம் ஆண்டுத் தேர்தல், வாழ்க்கையில் முதன்முறையாக வாக்களிக்கும் வாய்ப்பைப் பெண்களுக்கும் நிலமற்ற கூலியுழைப்பாளருக்கும் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் அளித்தது. பொன்னம்பலம் இராமநாதன் முதலிய பழைய தலைவர்கள் அவ்வுரிமையை எதிர்த்தனர். அவர்களது எதிர்ப்பும் இளைஞரது பகிஷ்கரிப்பும் நோக்கத்தில் முற்றிலும் மாறுபட்டவை. ஆயின் குடாநாட்டுத் தாழ்த்தப்பட்ட உழைப்பாளிக்கு இரண்டின் விளைவும் ஒன்றே. அவனுக்குக் கிடைத்த முதல் வாக்கு மூன்றாண்டு காலம் பயன்படாது கிடந்தது. பூரண சுயராச்சியம் என்ற உயர்ந்த கோரிக்கையை முன்வைத்தோர், சர்வசன வாக்குரிமை என்ற அரைகுறை உரிமையின் வர்க்கப் பெறுமானத்தை எடைபோட்டுப் பார்க்கவில்லை. வாக்கு தமக்கு ஏற்கெனவே கிட்டிய, அல்லது விரைவிற் கிட்டவிருந்த ஒரு படியினரின் நோக்கு அது.

6

இனிக் கிழக்குக் கரைக்கு வருவோம். 1931இற் கல்முனைக் கரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி. அம்பாறை தனி மாவட்டமானது 1961இலேயே. யாழ்ப்பாணம் பகிஷ்கரித்த அத்தேர்தலில் மட்டக்களப்பு வாக்களித்தது. இவ்வுண்மை பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே ஒதுக்கப்படுகின்றது. உண்மையில் அதுவே இயக்கத்தின் எல்லையை வரைந்து காட்டும் கோடு.

இப்பிரதேசத்தின் பொருளாதார அமைப்பு குடாநாட்டினின்றும் அடிப்படையில் வேறானது. இங்கு நெல்லே வாழ்வு. பரந்த வயல்களை உடைய போடியார் ஒருபுறமும், அவ்வயல்களிற் பங்குக்கும் கூலிக்கும் உழைக்கும் வயற்காரர் மறுபுறமுமாக அமைந்த சமூகம் இது. போடியாருள் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். வயற்காரர் நிலையும் அவ்வாறே. தாய்வழிக் குடிமரபு இரு சாராருக்கும் பொதுவானது. வீரமுனையின் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலைச் சூழ்ந்த தமிழ்க் கிராமமும் அதனை அடுத்த சம்மாந்துறையின் முஸ்லிம் குடிகளும் ஒரே வயற்பரப்பைச் சார்ந்து வாழ்ந்தவை. ஆங்கிலக் கல்வியைப் பொறுத்தவரை, கல்முனையில் மெதடிஸ்த மிசனின் பாடசாலையும் மட்டக்களப்பு நகரிற் சில கல்லூரிகளும் இருந்தன. குடாநாட்டிற் காணப்பட்ட அடர்த்தி இங்கில்லை. முஸ்லிம்களிடையே ஆங்கிலக் கல்வி இன்னும் அருகியிருந்தது. ஆங்கிலங் கற்ற ஆசிரியரும் எழுதுவினைஞரும் ஒரு சமூகப் படியாகத் திரளாத இடத்தில், அப்படியின் அமைப்பாகிய மாணவர் காங்கிரஸ் வேர்கொள்வதெங்ஙனம்?

ஆயினும் இக்கரைக்கும் அவ்வியக்கத்துக்கும் இடையே முக்கியமானதோர் இணைப்பு உண்டு. 1892இற் காரைதீவிற் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்ற சுவாமி விபுலானந்தர், துறவு பூணுமுன் 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். மாணவர் காங்கிரசின் ஆண்டு மாநாடொன்றுக்கு அவர் தலைமை தாங்கினார். யாழ்ப்பாணத்து இளைஞர் தமக்குத் தலைவராகக் கிழக்குக் கரையின் மகனொருவரைத் தெரிந்தெடுத்தமை, அவர்களது பார்வை பிரதேசச் செருக்கினாற் குறுகியதன்று என்பதற்குச் சான்று. எனினும் விபுலானந்தர் தம் பிரதேசத்துக்குத் திரும்பியபோது அங்கு அமைத்தது காங்கிரசின் கிளையையன்று, பாடசாலைகளையே அமைத்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. அரசியல் அமைப்புக்குத் தேவையான சமூகப் படி இல்லாதவிடத்து, அப்படியைத் தோற்றுவிக்கும் வேலையே முதற்பணியாகிறது. சுவாமிகள் இதனைக் கோட்பாடாக வகுத்துச் சொன்னாரோ இல்லையோ, அவரது செயல் அதனைச் சொல்கிறது.

முஸ்லிம்களிடையேயும் இதே வரிசைக்கிரமம் காணப்படுகிறது. 1940களின் முற்பகுதியிற் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய ஏ. எம். ஏ. அஸீஸ் யாழ்ப்பாணத்தில் வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதலாவது முஸ்லிம். கல்முனைக் கரையில், வயலும் விளைவும் உடைய முஸ்லிம்கள் கல்வியில் மிகப் பின்தங்கி நிற்பதை அவர் நேரிற் கண்டார். விபுலானந்தரோடு அவருக்கு ஏற்பட்ட தொடர்பும் இக்காலத்தது. 1945இல் அவர் முன்னின்று தொடங்கிய முஸ்லிம் கல்விச் சகாய நிதி, வசதியற்ற மாணவர் உயர்கல்வி பெற உதவியது. யாழ்ப்பாணத்து இளைஞர் 1920களிற் கொண்டிருந்த சமூக நிலையைக் கல்முனை இளைஞர் எய்துவதற்கு ஏறத்தாழ இரு தலைமுறைகள் பிந்தின. அதற்குக் காரணம் நாட்டமின்மையன்று, பாடசாலையின்மையே.

1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இவ்விடைவெளியைக் குறைத்த பெரு நிகழ்ச்சி. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த அச்சீர்திருத்தத்தை ஆதரித்து நின்ற தமிழ்க் கல்வியாளருட் பேரின்பநாயகமும் ஒருவர். 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் வட்டுக்கோட்டையில் அவர் தோல்வியுற்றார், 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார், 1977இல் மறைந்தார். அரசியலிற் தோற்ற அத்தலைமுறையின் கொள்கைகள் கல்வியில் ஓரளவு வென்றன. 1920களின் மாணவர் காங்கிரஸ் நேரடியாக எட்டாத கிழக்குக் கரைக்கு அதன் கொள்கையின் பயன் இலவசக் கல்வி என்ற வழியில் வந்து சேர்ந்தது எனக் கூறுதல் மிகையாகாது.

7

பிற்கால மாணவர் இயக்கங்களோடு ஒப்புநோக்குவது இவ்விடத்து அவசியமாகிறது. 1970இல் தமிழ் மாணவர் பேரவை தோன்றியது. 1971 முதற் பல்கலைக்கழக அனுமதியில் நடைமுறைப்படுத்தப்பட்ட தரப்படுத்தல் அதன் கிளர்ச்சிக்கு முதற் பொருளாயிற்று. தமிழ்மொழி மூல மாணவர்க்கு உயர்ந்த வெட்டுப்புள்ளி விதித்தமை வெளிப்படையான பாகுபாடே. அதற்கெதிரான சினம் நியாயமானதே. ஆயின் 1974இல் மாவட்ட அடிப்படையிலான ஒதுக்கீடு புகுத்தப்பட்டபோது நிலைமை சிக்கலாகியது. யாழ்ப்பாண மாவட்டம் அதனாற் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கல்வி வசதியிற் பின்தங்கியிருந்த மட்டக்களப்பு, அம்பாறை, மன்னார், வவுனியா முதலிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்க்கோ அதுவே பல்கலைக்கழக வாயிலைச் சற்று அகலத் திறந்தது. ஒரே அரச நடவடிக்கை, ஒரே மொழி பேசும் மாணவரிடையே இருவேறு விளைவுகளை உண்டாக்கிற்று.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? மாணவர் தலைவன் தன் சமூகம் என்று சொல்லும்போது, அச்சொல் யாரை உள்ளடக்குகிறது, யாரை விலக்குகிறது என்பது எப்போதும் ஆராயப்பட வேண்டியது. 1924இன் இளைஞர் சமூகம் என்று கருதியது இலங்கை முழுவதையும். அக்கருத்தின் விரிவு போற்றத்தக்கது. அதன் அமைப்புப் பலமோ நான்கு தொகுதிகளுள் அடங்கியது. 1970இன் இளைஞர் சமூகம் என்று கருதியது தமிழினத்தை. அவ்வினத்தினுள்ளேயே பிரதேசமும் வர்க்கமும் சாதியும் பிரித்து வைத்திருந்தோரின் வேறுபட்ட நலன்களை அக்கருத்து மறைத்தது. முஸ்லிம்கள் அதில் எவ்விடத்தைப் பெறுவர் என்ற வினா விடையின்றியே நின்றது.

விடையின்றி நின்ற வினாவுக்குக் கிழக்குக் கரை செலுத்திய விலை மிகப் பெரிது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பிரதேசத்தின் நிலத்தையும் நீரையும் குடிப்பரம்பலையும் மாற்றியமைத்தது. 1956இல் அங்கு தமிழர்மீது வன்செயல் நிகழ்ந்தது. நிலத்துக்கான நெருக்கடி முற்ற முற்ற, ஒரே வயற்பரப்பிற் கலந்து வாழ்ந்தோர் இனத்தின் பெயரால் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். 1990 ஓகஸ்ட் மாதத்திற் காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலிற் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் முற்றாக வெளியேற்றப்பட்டனர்; அஸீஸ் பிறந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம் வட்டாரமும் வெறுமையாயிற்று. கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கற்க இயலாதுபோன முஸ்லிம் மாணவரின் நெருக்கடியே 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றுவதற்கு உடனடிக் காரணமாயிற்று. மாணவர் காங்கிரஸ் எல்லா இனத்து இளைஞரும் ஒன்றாய் அமர வேண்டுமெனக் கனவு கண்டது. எழுபது ஆண்டுகளின் பின் அதே மொழி பேசும் இளைஞர் வெவ்வேறு பல்கலைக்கழகங்களை நாட நேர்ந்தது.

8

முடிவாகச் சில கருத்துக்களைத் தொகுத்துக் கூறலாம்.

யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், குடியேற்ற நாட்டுக் கல்வி தோற்றுவித்த கீழ்மத்தியதர வர்க்கத்தின் முற்போக்கான பகுதியினரது இயக்கம். ஏகாதிபத்திய எதிர்ப்பு, சாதியெதிர்ப்பு, வகுப்புவாத எதிர்ப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கிணைத்து முன்வைத்தமை அதன் அழியாச் சிறப்பு. அவர்களுக்குப் பின்வந்த தமிழ் இளைஞர் இயக்கங்களுள் இம்மூன்றையும் ஒருசேரக் கைக்கொண்டவை மிகச் சிலவே. உழைக்கும் மக்களை அமைப்பாக்காமை அதன் அடிப்படைக் குறைபாடு. அதனாலேயே நான்கு தொகுதிகளில் தேர்தலை நிறுத்தும் ஆற்றல் பெற்ற அவ்வியக்கத்துக்கு, அவ்வெற்றியின் மறுநாள் மக்களுக்குக் கொடுப்பதற்கு ஒரு வேலைத்திட்டம் இருக்கவில்லை. மறுத்தல் என்பது அரசியலின் ஒரு பாதி. மற்றைப் பாதி நிலம், கூலி, நீர், பாடசாலை ஆகியவற்றைப் பற்றியது.

கிழக்குக் கரையின் அனுபவம் இதற்கு மேலும் ஒன்றைச் சேர்க்கிறது. இங்கு இன ஒற்றுமை என்பது மேடையில் நின்று உரைக்கப்படும் அறவுரையாக மட்டும் இருத்தல் இயலாது. சம்மாந்துறையானும் வீரமுனையானும் ஒரே வாய்க்காலின் நீரை எதிர்நோக்குவோர். ஒரே ஆலைக்காரனுக்கும் வட்டிக்காரனுக்கும் நெல்லைத் தோற்போர். இப்பொதுமை அறவோர் கற்பித்ததன்று, உழைப்பு விதித்தது. இப்பிரதேசத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் முதற்தலைமுறை மாணவன், தமிழனாயினும் முஸ்லிமாயினும், வயற்காரனின் மகனாகவோ மகளாகவோ இருக்கும் சாத்தியமே மிகுதி. 1924இன் இளைஞர்க்கு வாய்க்காத தகுதி அது. அவர்கள் தாம் சாராத வர்க்கத்துக்காகப் பேச வேண்டியிருந்தது. இவர்கள் தாம் பிறந்த வர்க்கத்தோடு நின்றே பேசலாம்.

எனினும் இத்தகுதி தானாகவே அரசியல் உணர்வாக மாறிவிடாது. பட்டமும் உத்தியோகமும் அவர்களைத் தம் மக்களிடமிருந்து பிரித்தெடுக்கும் கருவிகளாகவே இன்றும் இயங்குகின்றன. 1990இன் நினைவு இரு புறத்தும் ஆறாது கிடக்கிறது. அதனைத் தத்தம் துயரமாக மாத்திரம் நினைவுகூர்வது எளிது. மற்றவர் துயரத்தையும் அதே பக்கத்தில் எழுதத் துணிவதே மாணவர் தலைமையின் முதற் சோதனை. சம ஆசனத்துக்காகத் தம் சொந்தச் சாதியினரோடு முரண்பட்டு நின்ற அவ்விளைஞர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே. தன் சமூகத்துக்குப் பணிசெய்ய விழைபவன், அச்சமூகத்தின் அநீதியோடு முதலில் முரண்பட்டாக வேண்டும். அவர்கள் தொடங்கிய அம்முரண்பாட்டை வயலிலும் கூலியிலும் வைத்துத் தொடர்வதே இனி வருவோரின் கடன்.